பின் சீட்டில் பெட்ரோல் வாடை

உங்கள் வீட்டுக் காரில் பெட்ரோல் வாடை வந்தால் அது முதலில் யாருக்குத் தெரியும்? ஓட்டுகிற அப்பாவுக்கா, பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கா? பெரும்பாலும் இருவருக்கும் இல்லை. பின் சீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான். ஏனென்றால், பெரும்பாலான சின்னக் கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. நீங்கள் உட்காரும் மெத்தைக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு தகரம்தான் தடுப்பு. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்பைப் பழுது பார்க்க வசதியாக, பல கார்களில் அந்தத் தகரத்திலும் ஒரு திறப்பு விட்டு மூடி போட்டிருப்பார்கள்.

புனேயில் விமான் நகரில் எங்கள் குடியிருப்பில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கோடை விடுமுறையில் காரில் ஏறும்போதெல்லாம், “அப்பா, பெட்ரோல் வாடை வருது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். லோகேகாவ் விமான நிலையம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டே இருக்கும். “ஏரோப்ளேன் எரிபொருள் வாடையா இருக்கும்மா” என்று அப்பா சொல்லிவிட்டார். ஏசி காற்று வருகிற இடத்தில் ஒரு வாசனைப் புட்டியையும் வாங்கி மாட்டினார். நாலைந்து நாளில் வாடை போய்விட்டது. புட்டியால்தான் போனது என்று அவர் நினைத்தார்.

அந்தப் பெண் அப்படி நினைக்கவில்லை. “விமான நிலையத்து வாடைன்னா வெளியிலயும் வரணுமே, காருக்குள்ள மட்டும் ஏன் வருது?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. இன்னொன்றும் அவளுக்குத் துணையாக இருந்தது. ஜெட் விமானத்துக்கு ஊற்றுவது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் வகை எரிபொருள். அதன் வாடை மண்ணெண்ணெய் போலத்தான் இருக்கும்.

பெட்ரோல் ஏன் இப்படிச் சட்டென்று மூக்கில் ஏறுகிறது என்று பார்த்துவிடுவோம். அது ஒரே பொருள் அல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் வெவ்வேறு விதமாகச் சேர்ந்து உண்டான நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அவற்றில் லேசானவை 30 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் புனேயில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அதோடு, புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிட இங்கே ஆறேழு சதவீதம் குறைவு. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே கோடையில் டேங்குக்குள் ஆவி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எங்கே ஒரு சின்ன இடுக்கு கிடைத்தாலும் வெளியே வந்துவிடும்.

வந்த ஆவியைப் பிடிக்க உங்களிடம் அருமையான கருவி ஒன்று இருக்கிறது. நம் மூக்கின் மேல் பகுதியில் சுமார் 400 வகை வாசனை உணரிகள் இருக்கின்றன. இந்த உணரிகளை உண்டாக்கும் மரபணுக் குடும்பத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த ஆவி தீப்பிடிக்க வேண்டுமானால் காற்றில் அது குறைந்தது 1.4 சதவீதம் இருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கு என்று கணக்குப் போட்டால் 14,000 பங்கு! ஒரு பங்கில் மூக்கு சொல்கிறது, 14,000 பங்கில் நெருப்பு வருகிறது. இடையில் எவ்வளவு அவகாசம் பாருங்கள். இந்த அவகாசத்தை வீணாக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

ஆனால் மூக்கை நம்பும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது தரையோடு தரையாகப் பரவும், பள்ளத்தில் போய்த் தேங்கும். விமான் நகரில் பல குடியிருப்புகளில் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு லேசாக வாடை வரும்போது, கால்மாட்டில் ஆவி பல மடங்கு அடர்த்தியாக இருக்கலாம். இரண்டாவது, மூக்கு ஒரே வாடைக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அம்மா ஓர் அறையில் ஊதுவத்தி ஏற்றி வைக்கட்டும். உள்ளே போய் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் வாசனை குறைந்தது போலத் தோன்றும். வெளியே வந்து நல்ல காற்று வாங்கிவிட்டு மறுபடியும் உள்ளே போங்கள், பழையபடி கமகமவென்று இருக்கும். அதனால்தான் காரில் ஏறிய முதல் நிமிடத்தில் உங்கள் மூக்கு சொல்வது முக்கியம். அரை மணி நேரம் கழித்து “இப்ப வாடை இல்லையே” என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

எல்லா எரிபொருளும் பெட்ரோலைப் போல வாடை காட்டாது. புனேயில் ஓடும் ஆட்டோக்களில் ஏராளமானவை சிஎன்ஜி எனும் இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. அந்த வாயுவுக்கு இயல்பில் வாடையே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு அடியில் எரிவாயு கசிந்து சேர்ந்துகொண்டே இருந்தது. வாடை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அது வெடித்ததில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற பிள்ளைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் அழுகிய முட்டைக்கோசு போல நாறும் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைக் கலக்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது. அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் வீட்டு சமையல் எரிவாயுவிலும் அதே வகைப் பொருள்தான் நாறுகிறது. பெட்ரோலுக்கு இப்படி எதையும் கலக்கத் தேவையில்லை, அதுவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட வாடையைப் போய் வாசனைப் புட்டியால் மறைக்கலாமா?

இப்போது அந்தப் பெண்ணின் காருக்கு வருவோம். வாடை மறுபடியும் வந்தது. அன்று அவள் ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அப்பாவும் குனிந்து பின் சீட்டில் மூக்கை வைத்துப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். “ஸ்டார்ட் பண்ணாதீங்க. வெளியில திறந்த இடத்துலதானே நிக்குது? நாலு கதவையும் திறந்து வையுங்க, நானே வர்றேன்” என்றார் அவர். வந்தவுடன் கருவி எதையும் எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். அதுவும் அப்பாவிடம் கேட்கவில்லை, அந்தப் பெண்ணிடம் கேட்டார். (மராத்தியில் ‘பாளா’ என்றால் குழந்தாய், ‘காகா’ என்றால் சித்தப்பா.)

“வாடை எப்ப வருது, பாளா?”

“பெட்ரோல் போட்ட அன்னிக்கும் அடுத்த ரெண்டு மூணு நாளும் வருது, காகா. அப்புறம் போயிடுது. திரும்பப் போட்டா திரும்ப வருது.”

“முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி. வளைவுல திரும்பும்போது ஜாஸ்தி.”

“எவ்வளவு பெட்ரோல் போடுவீங்க?”

“ஃபுல் டேங்க்.”

மெக்கானிக் தலையை ஆட்டினார். பாதி வேலை முடிந்துவிட்டது. எப்படி என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள். டேங்கின் அடியில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் நிறைய இருந்தாலும் குறைவாக இருந்தாலும் ஒழுகும், தரையில் சொட்டும். வாடை டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வந்து, மட்டம் இறங்கியதும் நின்றால், கசியும் இடம் டேங்கின் உச்சியில் இருக்க வேண்டும். வளைவில் பெட்ரோல் சரிந்து அந்த இடத்தைத் தொடும்போது வாடை கூடுவதும் அதற்குப் பொருந்துகிறது. டேங்கின் உச்சியில் இருப்பது என்ன? பம்ப் மூடி! வாடையை விரட்டியது புட்டி அல்ல, குறைந்துபோன பெட்ரோல்தான் என்பதும் புரிகிறது அல்லவா?

அவர் பின் சீட்டு மெத்தையைத் தூக்கினார். கீழே நான்கு திருகாணி போட்ட ஒரு தகர மூடி. அதைக் கழற்றியதும் டேங்கின் மேல்புறம் தெரிந்தது. எங்கும் வெளிறிய மண் நிறத்தில் புழுதி படிந்திருந்தது. பம்ப் மூடியைச் சுற்றி ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், விரல் அகலத்துக்கு, புழுதி ஈரமாகிக் கருத்துப் போயிருந்தது. மெக்கானிக் அதை விரலால் காட்டினார். தொடவில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த எங்கள் எல்லோருக்கும் கசிவு இருக்கும் இடம் கண்ணால் தெரிந்தது.

பழுது பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொன்னார். போன்களைத் தூரத்தில் வைக்கச் சொன்னார். தீயணைப்புக் கருவியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார். பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றினார், இனி எந்த ஒயரிலும் பொறி வராது. கைப்பம்பால் பெட்ரோலை இழுத்து, மூடியுள்ள தகரக் கேனில் பாதி டேங்க் வரை இறக்கினார். பம்ப் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் வளையத்தை மரக்கட்டையால் தட்டித் தட்டித் திருப்பினார். இரும்புச் சுத்தியல் பட்டால் பொறி பறக்கும், அதனால் மரம். மூடியைத் தூக்கியதும் அதன் அடியிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையம் வந்தது. குக்கர் மூடியில் காஸ்கெட் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. புது வளையம் உருண்டையாக, அழுத்தினால் மெத்தென்று இருந்தது. பழையது ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. அங்கே வளைத்துப் பார்த்தால் முடி அளவுக்கு வெடிப்பு. ரப்பர் நெடுநாள் அழுந்திக் கிடந்தால் திரும்ப எழும்பும் குணத்தை இழந்துவிடும். சூடும் பெட்ரோலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் இழக்கும்.

புது வளையத்தைப் போட்டு, மூடியில் இருந்த அம்புக்குறியும் டேங்கில் இருந்த கோடும் நேராக வருமாறு பொருத்தி இறுக்கினார். எடுத்த பெட்ரோலை ஊற்றினார். பேட்டரியை இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு முறை போட்டு எடுத்தார். ஒவ்வொரு முறையும் உள்ளே பம்ப் ‘ம்ம்ம்’ என்று ஓடி நின்றது. வளையத்தைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார். காகிதம் உலர்ந்தே இருந்தது. “அடுத்த தடவை டேங்க் ரொம்பினதும் இதே இடத்தைத் திறந்து பாருங்க. அப்பவும் காஞ்சிருந்தா வேலை முடிஞ்சது” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே பார்த்தார்கள், காய்ந்துதான் இருந்தது.

இது ஒரு வீட்டுக் காருக்கு மட்டும் வருகிற கோளாறு அல்ல. 2010 பிப்ரவரியில் மாருதி சுசூகி நிறுவனம் ஏ-ஸ்டார் என்ற காரில் சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, பெட்ரோல் பம்பின் காஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தது. ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒரு லட்சம் கார்கள்!

அதே நிறுவனம் 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் 1,03,311 வண்டிகளை அழைத்தது. இந்த முறை மாற்றியது பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயை. பெட்ரோல் பங்கில் ஊற்றும் துப்பாக்கி ‘க்ளிக்’ என்று தானே நின்ற பிறகும் மேலும் ஊற்றினால், அந்தக் கார்களில் வாடை வரலாம், அரிதாகக் கசியவும் செய்யலாம் என்று அறிவித்தார்கள்.

அந்த ‘க்ளிக்’ எப்படி வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கியின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடி வரை போகிறது. கைப்பிடிக்குள் பெட்ரோல் ஓர் ஒடுக்கமான இடத்தைத் தாண்டி வேகமாகப் பாயும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும், எனவே அந்த மெல்லிய குழாய் வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் நுனித் துளையை மூடியதும் காற்று வருவது நின்றுவிடும். உள்ளே வெற்றிடம் கூடி ஒரு மெல்லிய தகட்டை இழுக்கும். அது கொக்கியை விடுவிக்கும். க்ளிக்! இதில் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. காற்றின் ஓட்டத்தால் ஒரு பக்கம் அழுத்தம் குறைவதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு காகிதத் துண்டின் ஓரத்தைக் கீழுதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அதன் மேற்புறமாக ஊதுங்கள். தொங்கும் காகிதம் மேலே எழும்பும்.

க்ளிக் வந்த பிறகும் டேங்கில் கொஞ்சம் இடம் காலியாகவே இருக்கும். அது வேண்டுமென்றே விட்ட இடம். பெட்ரோல் சூடேறினால் விரியும். 40 லிட்டர் பெட்ரோலில் 20 டிகிரி சூடு ஏறினால் அது முக்கால் லிட்டர் அளவுக்குப் பெருகிவிடும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த குளிர்ந்த பெட்ரோலை விளிம்பு வரை நிரப்பி ரோட்டோர வெயிலில் காரை நிறுத்தினால், அந்த முக்கால் லிட்டர் எங்கே போகும்? ரூபாய்க் கணக்கைச் சரியாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வது நம் ஊர் வழக்கம். விட்டுவிட வேண்டிய வழக்கம் அது.

அந்தக் காலி இடத்தில் சேரும் ஆவியையும் வெளியே விடாமல் பிடித்து வைக்க, காரில் கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. கேனிஸ்டர் என்பார்கள். அதில் இருப்பது நுண்துளைகள் நிறைந்த கரி. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நிற்கும்போது ஆவி அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது காற்று அதை உரித்து எடுத்து எஞ்சினுக்குள் கொண்டுபோய் எரித்துவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா 1970இலேயே இப்படி ஆவியைப் பிடிக்க வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டிலும் புதுக் கார் மாதிரிகளை மூடிய அறையில் நிறுத்தி, கசியும் ஆவியை அளக்கிறார்கள். சோதனை முழுவதும் சேர்ந்து 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சோதனை அறை உள்ள இடங்களில் ஒன்று புனேயிலேயே இருக்கிறது. 1966இல் தொடங்கிய ஏஆர்ஏஐ எனும் இந்திய வாகன ஆராய்ச்சி நிறுவனம் அது. விளிம்பு வரை பெட்ரோல் ஊற்றினால் திரவமே கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. பெட்ரோல் போட்டு வெகுநேரம் ஆன பின்பும், வெயிலில் நின்ற காரைச் சுற்றி வாடை வந்தால் கேனிஸ்டரையும் அதன் குழாய்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பின் சீட்டில் வாடை இல்லாமல் முன்புறம், பானெட் பக்கம், எஞ்சின் ஓடும்போது வந்தால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அங்கே வரும் பெட்ரோல் காற்றழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. ஊசித் துளை போதும், பீய்ச்சி அடிக்கும். பக்கத்திலேயே சூடான எஞ்சின். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் எலிகள் கதகதப்புக்காக எஞ்சின் இடுக்கில் ஏறிப் படுத்துக்கொண்டு ரப்பர் ஹோஸைக் கடிப்பது உண்டு. எலி வேண்டாம், உரசலே போதும். 2019 ஆகஸ்டில் மாருதி சுசூகி வேகன்-ஆர் கார்களில் 40,618 வண்டிகளை அழைத்துச் சோதித்தது, பெட்ரோல் ஹோஸ் ஓர் உலோகக் கிளாம்பில் உரசலாம் என்பதால்தான்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 2021 ஜூன் 5 அன்று முழு எத்தனாலையே விற்கும் முன்னோட்டத் திட்டம் தொடங்கியதும் இதே புனேயில்தான். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் ஊதும், இளகும், பிறகு வெடிக்கும். 2023க்கு முந்திய கார் என்றால் சர்வீஸுக்கு விடும்போது ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாடை வந்தால் என்ன செய்வது? ஓடிக்கொண்டிருந்தால் ஓரமாக, திறந்த இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். இறங்கித் தள்ளிப் போங்கள். காருக்கு அடியில் பெட்ரோல் சொட்டினால் யாரும் மறுபடியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. தீப்பிடித்தால் பக்கத்தில் போகாமல் 101 அல்லது 112க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதந்து தீயைப் பரப்பிவிடும். உங்களில் சிலருக்குப் பெட்ரோல் வாடை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து முகராதீர்கள். அதில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. பெட்ரோலை வைத்து எந்தச் சோதனையும் செய்யவே கூடாது.

மெக்கானிக்கிடம் காரைக் கொடுக்கும்போது நீங்களும் கூடப் போங்கள். எப்போது வந்தது, எங்கே வந்தது, டேங்கில் எவ்வளவு இருந்தது என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை பங்கில் ‘க்ளிக்’ சத்தம் கேட்டதும், ஊற்றுகிறவரிடம் “போதும் அண்ணா” என்று நீங்களே சொல்லுங்கள்.